மூன்று எழுத்தா, ஐந்து எழுத்தா? தொழில்நுட்பக் கூட்டத்தில் பேச ஒரு தலைப்பு

வேலை முடிந்து புக்கிட் பாஞ்சாங் வீட்டுக்கு வந்துவிட்டவர், மறுபடியும் நகருக்குப் போக இரண்டு முறை யோசிப்பார். 2015 டிசம்பர் 27ல் டௌன்டவுன் ரயில் பாதையின் இரண்டாம் கட்டம் திறக்கப்பட்ட பிறகு அந்த யோசனை கொஞ்சம் குறைந்திருக்கிறது. புக்கிட் பாஞ்சாங்கில் ஏறி, ரயில் மாறாமல் லிட்டில் இந்தியாவில் இறங்கலாம். செஞ்சா, பெண்டிங் பக்கம் இருப்பவர்களுக்கு மட்டும் கூடுதலாக ஓர் இலகு ரயில் பயணம்.

கடைக்கும் கோயிலுக்கும் போவோரோடு, வாரநாள் மாலைகளில் நகரில் நடக்கும் தொழில்நுட்பக் கூட்டங்களுக்குப் போவோரும் அந்த ரயிலில் உண்டு. ஜாவாஸ்கிரிப்ட், சிஎஸ்எஸ், ரூபி, பிஎச்பி என்று ஒவ்வொன்றுக்கும் சிங்கப்பூரில் குழுக்கள் இயங்கி வந்துள்ளன. ‘ஹேக்கர்ஸ்பேஸ்.எஸ்ஜி’ 2009ல் புஸ்ஸோரா ஸ்திரீட்டில் தொடங்கி, பின்னர் லிட்டில் இந்தியாவிலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள கிங் ஜார்ஜஸ் அவென்யூவுக்கு மாறியது. பல கூட்டங்களின் உரைகளை ‘என்ஜினியர்ஸ்.எஸ்ஜி’ தொண்டூழியர்கள் காணொளியாகப் பதிவுசெய்து இலவசமாக வெளியிட்டனர்.

கூட்டம் நடக்கும் விதம் எளிது. ஏதாவது ஒரு நிறுவனம் அலுவலக அறையைக் கொடுக்கும். பெரும்பாலும் பீட்சாவும் இருக்கும். இருபது, முப்பது நிமிட உரைகள் இரண்டோ மூன்றோ, ஐந்து நிமிடச் சிற்றுரைகள் சில, பிறகு கேள்விகள். பேசுபவர் நிபுணராக இருக்க வேண்டியதில்லை. தாம் மோதிப் பார்த்த ஒரு சிக்கலையும் அதை அவிழ்த்த விதத்தையும் சொன்னால் போதும்.

இந்தத் தொழிலில் தமிழர்கள் ஏராளம். ஆனால் தமிழ் எழுத்தை இணையப் பக்கத்தில் சரியாக வரவைப்பது பற்றிய உரை அடிக்கடி கேட்கக் கிடைப்பதில்லை. உரை ஆங்கிலத்தில் இருக்கலாம், தவறில்லை. பொருள் தமிழாக இருக்கலாமே.

இதோ ஓர் எடுத்துக்காட்டு. ‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று தொடக்கப்பள்ளிப் பிள்ளையைக் கேட்டால் மூன்று என்று சொல்லும். ஜாவாஸ்கிரிப்ட்டின் ‘லெங்த்’தைக் கேட்டால் ஐந்து என்று வரும். காரணம், யூனிகோட் முறையில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி ஆகிய ஐந்தும் தனித்தனிக் குறியீடுகள். கேட்பதற்கு வேடிக்கைதான். படிவத்தில் பெயருக்குப் பத்து எழுத்து என்று வரம்பு வைத்தால் வேடிக்கை போய்விடும். ‘கோவிந்தசாமி’ நம் கணக்கில் ஆறு எழுத்து, கணினிக்குப் பதினொன்று. கடைசி இகரக் குறி வெட்டுப்பட்டு ‘கோவிந்தசாம’ என்று நிற்கும். ‘இன்ட்ல் செக்மென்டர்’ என்ற கருவியைப் பயன்படுத்தினால் ஜாவாஸ்கிரிப்டே ஆறு என்று எண்ணிக்கொடுக்கும். இருப்பது தெரியாததால் பலர் அதைத் தொடுவதில்லை.

இன்னொன்று, இதைவிட நுட்பமானது. ‘கோ’வில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. ஆனால் பெயர் ஒரு விதமாகப் பதிவாகி, வேறு விதமாகத் தேடப்பட்டால், ‘அப்படி ஒருவர் இல்லை’ என்று திரை சொல்லும். சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவதே தீர்வு. ஒரு வரி நிரல்தான்.

கொம்பு இடம் மாறி அச்சான அறிவிப்புகளைச் சிங்கப்பூர்த் தமிழர்கள் பார்த்தே இருக்கிறார்கள். ‘கெ’வைச் சேமிக்கும்போது ககரம் முன்னே, கொம்பு பின்னே. திரையில் காட்டும்போதுதான் கொம்பு முன்னே வர வேண்டும். அந்த வேலையைச் செய்யத் தெரியாத மென்பொருளில் ஒட்டினால் எழுத்து உடையும். பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறிக்காமல் விட்டால் வேறொரு கேடு: பார்வைக் குறைபாடு உள்ளவருக்குப் பக்கத்தை வாசித்துக்காட்டும் மென்பொருள், தமிழை ஆங்கிலக் குரலில் வாசிக்க முயன்று குழம்பக்கூடும். பேட்டையில் தனியாக இருக்கும் ஒரு பாட்டிக்கு அது சின்ன விஷயமல்ல.

இந்த மாதிரிச் சிக்கல்களைக் கூடிப் பேசித் தீர்க்கும் வழக்கம் இந்த ஊருக்குப் புதிதன்று. 1995 அக்டோபரில் அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்த சிங்கப்பூர்க் கவிதை இணையத்தளத்தில் மற்ற மூன்று மொழிகளோடு தமிழும் இருந்தது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீயும், எழுத்தாளரும் தேசியக் கல்விக் கழக விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமியும் அந்தக் காலத்து முன்னோடிகள். அப்போது ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒவ்வொரு குறியீட்டு முறை. ஒருவர் தட்டிய தமிழ் இன்னொருவர் கணினியில் கிறுக்கலாகத் தெரியும். 1997 மே மாதம் சிங்கப்பூரில் நடந்த ‘தமிழ்நெட் 97’ மாநாடு அதைப் பேசத்தான் கூடியது. கோவிந்தசாமி 1999ல் காலமானார். 2000 ஜூலையில் மீண்டும் இங்கே கூடிய தமிழ் இணைய மாநாட்டை ஒட்டியே ‘உத்தமம்’ அமைப்பு உருவானது. ‘.சிங்கப்பூர்’ என்று தமிழிலேயே முடியும் இணைய முகவரி 2011ல் நடைமுறைக்கு வந்ததற்குப் பின்னாலும், டான் டின் வீ குழுவினர் 1998ல் தொடங்கிய ஆய்வு இருக்கிறது.

தமிழ்நாட்டில் இன்னும் ஒரு படி போயிருக்கிறார்கள். காஞ்சிபுரம் லினக்ஸ் குழு ஞாயிறுதோறும் இணையவழி கூடுகிறது, உரைகள் தமிழிலேயே நடக்கின்றன. ‘சர்வர்’, ‘டேட்டாபேஸ்’ என்று கலந்து பேசுவதை யாரும் குறையாக நினைப்பதில்லை. இங்கேயும் ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவில் பட்டிமன்றத்துக்குப் பக்கத்தில் இப்படி ஓர் அரைமணி நேரம் வைத்துப் பார்க்கலாம்.

பேச விரும்புவோர் முதலில் ஒரு கூட்டத்துக்குச் சும்மா போய் உட்கார்ந்துவிட்டு வருவது நல்லது. பிறகு தலைப்பும் நான்கு வரி விளக்கமும் அமைப்பாளருக்கு அனுப்பினால் போதும். பேச்சாளர் கிடைக்காமல் தவிப்பவர்கள் அவர்கள். ஐந்து நிமிடச் சிற்றுரையில் தொடங்கலாம். சோதிக்க ‘தமிழ்’ என்ற ஒரு சொல்லே போதுமான கருவி. படவில்லைகளை மட்டும் பிடிஎஃப் கோப்பாக மாற்றி எடுத்துச் செல்ல வேண்டும். அறையில் உள்ள கணினியில் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால், திரை முழுக்கக் கட்டங்கள்தான் தெரியும்.