பிளாரன்ஸ் நகரில் பிள்ளைகளோடு ஒரு நாள்

முப்பது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரே நாளில் ஓர் ஊரைச் சுற்றிக் காட்டுவதென்றால் லேசான காரியமா? வீட்டில் இருக்கும் இரண்டை வைத்துக்கொண்டு பொருட்காட்சிக்குப் போய் வருவதற்குள்ளேயே நமக்கு நாக்குத் தள்ளிப் போகிறதே! இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்துக்குப் போயிருந்தபோது, இரண்டே டீச்சரம்மாக்கள் அந்த வேலையைச் செய்வதைப் பார்க்க வாய்த்தது. பக்கத்துச் சிற்றூரிலிருந்து ரயிலில் வந்திறங்கிய பட்டாளம். எல்லாருக்கும் பத்து, பதினோரு வயசு. எல்லார் தலையிலும் ஒரே மஞ்சள் தொப்பி. கூட்டத்தில் தவறிப் போனால் கண்டுபிடிக்கத்தான்! என்னோடு வந்த தோழிக்கு இத்தாலிய மொழி தெரியும். "வாடி, இவங்க பின்னாலேயே போவோம். கைடுக்குக் கொடுக்கிற காசு மிச்சம்" என்றாள்.

முதலில் பெரிய மாதா கோயில். அதன் செங்கல் குவிமாடத்தை 1420-ல் தொடங்கி 1436-ல் முடித்தவர் புருனெல்லெஸ்கி. தரையிலிருந்து மர முட்டுக் கொடுக்காமலே எழுப்பினாராம். உச்சிக்கு 463 படிகள்; லிப்ட் கிடையாது. "ஏறலாம் டீச்சர், ஏறலாம்!" என்று ஒரே கூச்சல். "அண்ணாந்து பாருங்க, போதும்" என்று முடித்துவிட்டார் டீச்சர். எனக்கும் நிம்மதி.

அடுத்து மைக்கேலாஞ்சலோவின் தாவீது. 1504-ல் முடித்த சிலை. ஒரே சலவைக்கல்லில் 17 அடி உயரம்! உடுப்பில்லாத சிலையாயிற்றே, பையன்கள் ஒருவரை ஒருவர் விலாவில் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். டீச்சர் அதட்டவில்லை. "அந்தக் கையைப் பாருங்க, நரம்பு தெரியுதா?" என்றார். சிரிப்பு அடங்கி, எல்லாரும் தங்கள் தங்கள் புறங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

மதியம் பக்கத்துச் சதுக்கத்தில், ஒரு நீண்ட கட்டடத்தின் படிகளில் உட்கார்ந்து சாப்பாடு. வீட்டில் கட்டிக் கொடுத்த ரொட்டியும் பாலாடைக்கட்டியும்தான். தலைக்கு மேலே, தூண் வளைவுகளுக்கு நடுவே வட்ட வட்டமாகச் சுடுமண் பதக்கங்கள். நீலப் பின்னணியில், துணி சுற்றிய வெள்ளைக் கைக்குழந்தை ஒவ்வொன்றிலும். சிலவற்றில் துணி அவிழ்ந்து தொங்குகிறது. 1487-ஐ ஒட்டி ஆந்திரேயா தெல்லா ரோபியா செய்தவை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் சின்னம்கூட இதில் ஒன்றைப் பார்த்து வரைந்ததுதான்.

அந்தக் கட்டடம் என்ன தெரியுமோ? கைவிடப்பட்ட சிசுக்களின் இல்லம். பட்டு வியாபாரிகள் சங்கம் பணம் போட, புருனெல்லெஸ்கியே 1419-ல் தொடங்கியது. 1445 ஜனவரியில் திறந்தார்கள். சில நாள் கழித்து, பிப்ரவரி 5 அன்று முதல் குழந்தை வந்துவிட்டது. பெண் குழந்தை. அன்று புனித அகத்தா திருநாள் என்பதால் அகத்தா என்றே பெயர் வைத்தார்கள்.

வறுமையோ, ஊர்ப்பேச்சுக்குப் பயமோ, யாரும் பார்க்காத நேரத்தில் வந்து குழந்தையை வைத்துவிட்டுப் போவார்களாம். அப்படி வைக்கும் வழியை 1875-ல்தான் மூடினார்கள். சேர்ந்த குழந்தைகளைக் கிராமத்துப் பாலூட்டும் தாய்மாரிடம் சம்பளத்துக்கு அனுப்புவார்கள். வளர்ந்து திரும்பியதும் பையன்களுக்குத் தொழில், பெண்களுக்கு நெசவு. பெண்களுக்கு வரதட்சணை சேர்த்து மணமுடிப்பதும் இல்லத்தின் பொறுப்பு. அங்கேயும் அந்தத் தொல்லை!

உள்ளே மியூசியத்தில் வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன இழுப்பறைகள். இழுத்தால் ஒன்றில் பாதியாக வெட்டிய பதக்கம்; இன்னொன்றில் பாசிமணி; வேறொன்றில் கந்தல் துணித்துண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தாய்மார் குழந்தையோடு விட்டுப்போன அடையாளங்கள். மறு பாதி தாயிடம் இருக்கும். காலம் மாறி அவள் திரும்பி வந்தால், இரண்டையும் பொருத்திப் பார்த்துப் பிள்ளையைத் தரலாம் அல்லவா?

அதுவரை ஓயாமல் பேசிக்கொண்டிருந்த கூட்டம் அங்கே சத்தமே போடவில்லை. ஒரு சிறுமி மட்டும் மெல்லக் கேட்டாள்: "அந்த அம்மா வரவே இல்லையா டீச்சர்?"

"சிலர் வந்தாங்க. நிறையப் பேர் வரலை. வந்தபோது சில குழந்தைகள் உயிரோடும் இல்லை."

மழுப்பாமல் அப்படியே சொன்னார். நானாக இருந்தால் பேச்சை மாற்றியிருப்பேன். பிறகு இன்னொன்றும் சொன்னார். இன்னொசெந்தி, நொசெந்தினி என்று அந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்குப் பெயர் உண்டு. இந்த இல்லத்துக் குழந்தைகளுக்கு வைத்த பெயர்கள் அவை. உடனே ஒரு பையன் கையைத் தூக்கினான். "எங்க பாட்டி பிறந்த வீட்டுப் பேர் அதுதான் டீச்சர்!" எல்லாரும் அவனைச் சூழ்ந்துகொண்டு, அவனும் இழுப்பறையில் கண்டெடுத்த பொருள் மாதிரி பார்த்தார்கள். அவனுக்கோ ஒரே பெருமை.

அந்த இல்லம் இன்றும் குழந்தைகள் நலப் பணிதான் செய்கிறது. யுனிசெப் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியதும் அங்கேதான்.

சாயங்காலம் ஆற்றுப் பாலத்தின் மேலே நகைக்கடைகள். 1593-ல் கசாப்புக்காரர்களை வெளியேற்றிவிட்டுப் பொற்கொல்லர்களுக்குக் கொடுத்த இடம். பிள்ளைகளுக்கு அதில் நாட்டமில்லை. நானும் தோழியும்தான் நின்றுவிட்டோம்.

ரயில் நிலையத்தில் மறுபடி அவர்களைப் பார்த்தோம். டீச்சர் ஒவ்வொரு மஞ்சள் தொப்பியையும் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார். இருபத்தொன்பது வந்ததும் முகம் வெளுத்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து. தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு நின்றவன், பாட்டி வீட்டுப் பேர் சொன்ன அந்தப் பையன்தான்.