முரளியா, பிரபாத்தா?

அக்கரப்பத்தனை தேத்தண்ணிக் கடையில் இந்தப் பேச்சை எடுத்தால் லேசில் முடியாது. 2022இல் காலியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அறிமுகமான இலங்கைச் சுழல் பந்துவீச்சாளர் பிரபாத் ஜயசூரிய, முதல் டெஸ்டிலேயே 12 விக்கெட் எடுத்தார். ஏழே டெஸ்டில் 50. சுழல் பந்துவீச்சாளர் எவரும் அதுவரை அவ்வளவு சீக்கிரம் அதைத் தொட்டதில்லை, நம்ம முரளி, அதாவது முத்தையா முரளிதரன் உட்பட.

பெரியவர்கள் விடுவார்களா? 1998இல் இங்கிலாந்தின் ஓவல் மைதானத்தில் ஒரே டெஸ்டில் முரளி சாய்த்த 16 விக்கெட்டை எடுத்துப் போடுவார்கள். பிரபாத்தின் அறுவடை பெரும்பாலும் காலியில்தானே என்பார்கள். நியாயமான கேள்விதான். அதோடு, முரளியின் தாத்தா தோட்டத்து வேலைக்கு வந்தவர். மலையகத்தில் அவர் பெயருக்குப் பக்கத்தில் இன்னொன்றை வைக்க மனசு வராது.

ஆனாலும், 133 டெஸ்ட் ஆடிய முரளி 800ஆவது விக்கெட்டை, தன் கடைசி டெஸ்டில் தான் வீசிய கடைசிப் பந்தில், 2010இல் எடுத்ததும் காலியில்தான்!