காற்றுக்கு இடங்கொடாத பாத்திரம்

பாரிஸ் நகரத்தின் வடபாகத்தில், கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்புறம் லா சப்பல் என்று வழங்கும் பேட்டையில், புடவைக் கடைகளும் நகைக் கடைகளும் முருங்கைக்காய் தொங்கும் பலசரக்குக் கடைகளும் நிறைந்த நம்மவர் வட்டாரத்தின் ஓரமாகவே, பிலிப் து ஜிரார் வீதி என்று ஒரு வீதி செல்கிறது. மாணிக்க விநாயகர் ஆலயத்துக்குப் போகிற பக்தர்களும், வேலை முடிந்து மெத்ரோவுக்கு விரைகிறவர்களும் நாள்தோறும் அதன் பெயர்ப்பலகையைக் கடந்து செல்கிறார்கள். அந்த ஜிரார் என்பவர் யார் என்று விசாரித்தவர்கள் வெகு சிலராகவே இருப்பர். 1775ஆம் வருஷம் தென் பிரான்ஸில் லூர்மரேன் என்ற கிராமத்தில் பிறந்த அவர், ஆளிச்செடி நாரை நூலாக நூற்கும் யந்திரம் கண்டவர். அத்தகைய யந்திரத்துக்குப் பத்து லட்சம் பிராங்க் சன்மானம் என்று நெப்போலியன் சக்கரவர்த்தி 1810இல் பிரகடனம் செய்ததை நம்பி உழைத்து, யந்திரத்தையும் செய்து முடித்து, சன்மானத்தை மட்டும் கண்ணால் காணாமல், கடனாளியாகிப் பரதேசம் போனவர். போலந்தில் அவர் பெயராலேயே ஜிரார்தூவ் என்று ஓர் ஊர் இன்றும் இருக்கிறது.

நமக்கு இங்கே வேண்டியது நூல் யந்திரமன்று. அதே 1810ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் லண்டனில் பீட்டர் டுராண்ட் என்ற வியாபாரி, உணவுப் பண்டங்களைத் தகரப் பாத்திரத்தில் காற்றுப் புகாமல் அடைத்து வைக்கும் முறைக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். அந்த யோசனை தம்முடையதன்று, வெளிநாட்டில் வசிக்கும் ஒருவர் தமக்குத் தெரிவித்தது என்றும் அதில் எழுதிக் கொடுத்தார். அந்த ஒருவர் நம் வீதிக்குப் பெயர் கொடுத்த ஜிராரே என்று, பழைய தஸ்தாவேஜுகளைத் துருவிய ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். கண்ணாடிப் புட்டிகளில் இதே காரியத்தைச் சாதித்தவர், பாரிஸில் லொம்பார் வீதியில் மிட்டாய்க் கடை வைத்திருந்த நிக்கொலா அப்பேர். பண்டத்தைப் புட்டியிலிட்டு, தக்கையால் இறுக்கி, கொதிநீரில் நெடுநேரம் வைத்தெடுக்கும் தமது முறையை நூலாக எழுதி வெளியிட வேண்டுமென்ற நிபந்தனையின் பேரில், அவருக்குப் பிரெஞ்சு அரசாங்கம் 12,000 பிராங்க் வழங்கியதும் அதே வருஷந்தான். ஏன் கெடவில்லை என்பதற்குக் காற்றிலுள்ள பிராணவாயு விலக்கப்பட்டதே காரணம் என்று ரசாயன விஞ்ஞானி கேலுசாக் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத கிருமிகளே மூலகாரணம் என்று பாஸ்டர் நிரூபிக்க இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

அப்பேரும் ஜிராரும் வென்றது மூடிய பாத்திரத்தை. மூடியைத் திறந்த கணத்திலேயே அவர்களுடைய வெற்றி காலாவதியாகிவிடுகிறது.

டின்பாலில் தேநீர் கலந்து குடித்து வளர்ந்த எவருக்கும் இந்தச் சங்கடம் பழக்கமானது. தகரத்தின் மேல்மூடியில் ஒரே ஒரு துளை போட்டுக் கவிழ்த்தால் பால் சொட்டுச் சொட்டாகத் தயங்கி நின்றுவிடும். எதிர்ப்புறத்தில் இன்னொரு துளை போட்டவுடனே தாரையாக இறங்கும். உள்ளிருந்து பால் வெளியேற, அது விட்டுச் சென்ற இடம் வெறுமையாகி, அங்கே அழுத்தம் குறைய, வெளியிலுள்ள வாயுமண்டலம் துளையின் வாயில் நின்று பாலை மேல்நோக்கித் தள்ளுகிறது. இரண்டாவது துளை அந்த வெறுமையைக் காற்றால் நிரப்பி வழக்கைத் தீர்த்து வைக்கிறது. ஒரு கோப்பைத் திரவம் எடுக்க வேண்டுமானால் ஒரு கோப்பைக் காற்றை உள்ளே அனுமதிக்க வேண்டும் என்பது கடினமான சுவருள்ள பாத்திரங்களுக்கெல்லாம் விதிக்கப்பட்ட கப்பம். அந்தக் காற்றோடு பிராணவாயுவும் கிருமிகளும் சேர்ந்தே பிரவேசிக்கின்றன. திராட்சை ரசம் புளித்துக் காடியாகிறது, எண்ணெய் சிக்குவாடை வீசுகிறது. (நல்லெண்ணெய் மட்டும் இந்த விஷயத்தில் கொஞ்சம் பொறுமைசாலி, எள்ளிலேயே இயற்கையாக அமைந்த சில சத்துக்கள் பிராணவாயுவின் தாக்குதலை நெடுநாள் தடுத்து நிறுத்துகின்றன.)

கப்பம் கட்டாமல் தப்ப ஒரே வழிதான் உண்டு: திரவம் குறையக் குறையப் பாத்திரமும் கூடவே குறைய வேண்டும். ஆட்டுத்தோல் துருத்தியில் தண்ணீரும் மதுவும் சுமந்து பாலைவனங்களைக் கடந்த பழைய காலத்து வணிகர்களுக்கு இது அனுபவத்தில் தெரிந்திருந்தது. துருத்தி ஒட்டிச் சுருங்கும், உள்ளே வெற்றிடம் உண்டாகாது. ஆனால் துருத்தி நிமிர்ந்து நிற்காது, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைக்க உதவாது, வாயைக் கட்டுவதும் அவிழ்ப்பதும் தொல்லை. ஆகவே நெகிழ்ந்த பையை உள்ளே வைத்து, உறுதியான பெட்டியை வெளியே வைத்து, பைக்குக் காவலும் பெட்டிக்குப் பயனுமாக இரண்டையும் இணைத்தால் என்ன என்ற யுக்தி பிறந்தது. இதிலே புதிதாக வடிவமைக்க முற்படுகிறவர்கள் அடிக்கடி மறந்துபோகிற சூக்ஷ்மம் ஒன்று இருக்கிறது: வெளிப்பெட்டியில் காற்றுப் புகத் துளை இருந்தே தீரவேண்டும். உள்ளும் புறமும் காற்றுப் புகாமல் அடைத்துவிட்டால், பை சுருங்கும்போது பெட்டிக்கும் பைக்கும் நடுவே வெறுமை உண்டாகி, பழைய டின்பால் வழக்கே மறுபடியும் ஆரம்பமாகிவிடும். காற்று பையைச் சுற்றி வரலாம், அழுத்தலாம். பைக்குள் மட்டும் வரக்கூடாது.

இந்தப் பையும் பெட்டியும் சேர்ந்த அமைப்பை முதன்முதலில் தொழில்முறையில் செய்து காட்டியவர் அமெரிக்காவில் வில்லியம் ஷோல் என்பவர், வருஷம் 1955. அவர் பையில் ஊற்றியது பாலோ மதுவோ அன்று, மோட்டார் வண்டி பாட்டரிகளுக்கான கந்தக அமிலம்! பத்து வருஷங்களுக்குப் பிறகு, 1965இல், தென் ஆஸ்திரேலியாவில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்த தாமஸ் ஆங்கோவ் அதே அமைப்பை மதுவுக்குப் பிரயோகித்து உரிமைப் பத்திரம் பெற்றார். அவருடைய பெட்டியை வாங்கியவர் செய்ய வேண்டிய வேலை வேடிக்கையானது: பையின் ஒரு மூலையை வெளியே இழுத்துக் கத்தரியால் வெட்ட வேண்டும், வேண்டிய அளவு ஊற்றிக்கொள்ள வேண்டும், பிறகு மூலையை மடக்கிக் கவ்வி போட்டு மூடிவைக்க வேண்டும். 1967இல் பென்ஃபோல்ட்ஸ் என்ற மது ஸ்தாபனத்தோடு சேர்ந்து சார்லஸ் மால்பாஸ் என்பவர், பையோடு ஒட்டவைத்த பிளாஸ்டிக் குழாய்வாய் ஒன்றை அமைத்த பிறகுதான் அந்தச் சாதனம் வீட்டுக்குள் வரும் யோக்கியதையை அடைந்தது. கண்டுபிடித்தவர் என்ற கீர்த்தி பெரும்பாலும் ஆங்கோவுக்கே போகிறது. என் அபிப்பிராயத்தில் அதில் பெரிய பங்கு மால்பாஸுக்குச் சேர வேண்டியது. பையை யாரும் தைத்துவிடலாம். திரவத்தை வெளியே விட்டுக்கொண்டே காற்றை உள்ளே விடாத வாய் செய்வதுதான் வித்தை.

அந்த வாயின் அமைப்பைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். விரலால் அழுத்தும் பொத்தானுக்குப் பின்னால் குமிழ் போல் வளைந்த மிருதுவான சவ்வு ஒன்று. அதன் நடுவே ஒரு தண்டு. தண்டின் முனையில் சிறு அடைப்பான். அழுத்தும்போது குமிழ் உட்குழிந்து, தண்டு முன்னே போய், அடைப்பான் தன் இருக்கையை விட்டு விலகுகிறது. விரலை எடுத்ததும் குமிழ் பழைய உருவத்துக்குத் துள்ள, அடைப்பான் திரும்ப வந்து உட்காருகிறது. இருபது சென்டிமீட்டர் உயரத் திரவம் தரும் அழுத்தம் வாயுமண்டல அழுத்தத்தில் ஐம்பதில் ஒரு பங்குதான். இந்த அற்பமான பலத்தைக் கொண்டே திரவம் வெளியேற வேண்டியிருப்பதால், பாதை குறுகலாக இருந்தால் ஒழுக்கு மெலிந்துவிடும், அகலமாக இருந்தால் கடைசித் துளி நிற்குமிடத்தில் காற்றுக்குமிழி ஒன்று மேலேறிவிடும்.

பையின் சுவரும் ஒரு தனிப் பிரச்சினை. கண்ணுக்குத் துளையற்றதாகத் தோன்றும் பாலிதீன் தாள் வழியாகப் பிராணவாயு சதா ஊடுருவிக்கொண்டே இருக்கிறது. அதைத் தடுக்க எத்திலீன் வைனில் ஆல்கஹால் என்ற பொருளின் மெல்லிய படலத்தை நடுவில் வைக்கிறார்கள். அது ஈரம் பட்டால் தன் தடுக்கும் சக்தியை இழந்துவிடுவதால், அதன் இருபுறமும் பாலிதீனை வைத்துச் சிறைப்படுத்துகிறார்கள். அலுமினியம் பூசிய படலம் இன்னொரு வழி. ஆனால் பெட்டி லாரியில் நூற்றுக்கணக்கான மைல் குலுங்கும்போது பை மடிந்து மடிந்து, பூச்சில் மயிரிழை வெடிப்புகள் விழுகின்றன. இந்தக் காரணங்களால் பெட்டி மதுவைப் புட்டி மதுவைப் போல் வருஷக்கணக்கில் வைத்துப் பழமையாக்க முடியாது. திறக்காமல் வைத்தாலும் ஏறக்குறைய ஒரு வருஷத்துக்குள் அருந்திவிட வேண்டும். திறந்த பிறகு நாலு முதல் ஆறு வாரம் வரை தாங்கும். அங்கே புட்டி தோற்றுப்போகிறது.

பிரெஞ்சுக்காரர்கள் மது விஷயத்தில் வைதிகர்கள். தக்கையும் புட்டியுமில்லாத மதுவை அவர்கள் தீண்டமாட்டார்கள் என்றே ஒருவர் எதிர்பார்ப்பார். உண்மையில் அதை அவர்கள் ‘கூபி’ என்று செல்லப் பெயரிட்டு, கூச்சமில்லாமல் வண்டி வண்டியாக வாங்குகிறார்கள். பாரிஸ் உணவகங்களின் சமையலறைகளில் நம்மவர் பலர் வேலை பார்க்கிறார்கள் என்பது யாவரும் அறிந்தது. சமையலுக்கான மதுவும், சோடாவோடு கலக்கும் பானப் பாகும், சில இடங்களில் எண்ணெயும்கூட அவர்கள் கைக்கு இந்தப் பெட்டிகளிலேயே வருகின்றன. வடிவமைப்பாளரின் மேஜையில் தெரியாத குறை சமையலறையில் தெரிந்துவிடும்.

“அண்ணை, பெட்டி இன்னும் பாரமாய்க் கிடக்கு, ஆனால் ஒண்டும் வருகுதில்லை.”

“பெட்டியைக் கிழிச்சுப் பையை வெளியில எடு தம்பி. அடியிலயிருந்து சுருட்டிக்கொண்டு வா.”

பை காலியாகும் தறுவாயில் அதன் மேல்தாளும் கீழ்த்தாளும் ஒட்டிக்கொண்டு, சில வேளை வாயருகே முதலில் ஒட்டிவிட்டு, பின்னால் தேங்கிய திரவத்துக்கு வழியை அடைத்துவிடுகின்றன. பம்பு வைத்து உறிஞ்சும் பானப் பாகுப் பைகளில் இது இன்னும் மோசம். பரிகாரமாக, வரிவரியாகப் பள்ளம் வெட்டிய பிளாஸ்டிக் பட்டையொன்றை வாயிலிருந்து பைக்குள் நீட்டிவிடுகிறார்கள். தாள்கள் ஒட்டினாலும் பள்ளங்களின் வழியே திரவம் வந்து சேர்கிறது. மது, பாகு, எண்ணெய் எல்லாவற்றுக்கும் இது சரி. தேங்காயெண்ணெய்க்குச் சரிப்படாது, 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும் அந்த எண்ணெய், பாரிஸ் பனிக்காலத்தில் பைக்குள் கல்லாக உட்கார்ந்துகொண்டு எந்த வாய்க்கும் மசியாது. இட்லிமாவை இதில் அடைக்கலாமே என்று ஓர் உற்சாகி கேட்கக்கூடும். அடைக்கலாம், மாவு புளிக்கும்போது எழும் வாயு வெளியேற வழியின்றிப் பை உப்பிக்கொண்டே போய் என்ன ஆகும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

உயிருள்ள திரவத்துக்குப் பை அமைப்பது எவ்வளவு நுட்பமான காரியம் என்பதற்கு இட்லிமாவைவிடக் கௌரவமான உதாரணம் இருக்கிறது. லா சப்பலிலிருந்து நடந்து போகும் தூரத்தில், 1854இல் திறந்த லாரிபுவாசியேர் ஆஸ்பத்திரியில், படுக்கையருகே கொக்கியில் தொங்கும் இரத்தப் பை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. முன்பு இரத்தம் கண்ணாடிப் புட்டியில்தான் வந்தது. அது இரத்த நாளத்துக்குள் இறங்குவதற்காகப் புட்டிக்குள் காற்று புகும் ஊசி ஒன்று செருக வேண்டியிருந்தது. அந்த ஊசி வழியே கிருமி போகும் அபாயமும், இரத்தம் தீர்ந்தபின் காற்றே நோயாளியின் நாளத்துக்குள் போய்விடும் அபாயமும் உண்டு. 1950இல் அமெரிக்காவில் கார்ல் வால்டர் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் மர்பி என்பவரோடு சேர்ந்து பிளாஸ்டிக் பையை அமைத்தார். இரத்தம் இறங்க இறங்கப் பை தானே சுருங்கியது, காற்றூசிக்கு வேலை போயிற்று. நமது தேசத்தில் திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ ஸ்தாபனத்தின் ஆராய்ச்சியாளர்கள் இப்பையைச் சுயமாக உருவாக்கி, 1980களில் அவ்வூரிலேயே ஒரு தொழிற்சாலைக்கு அந்த ஞானத்தைக் கைமாற்றிக் கொடுத்தார்கள்; வெளிநாட்டுப் பையை எதிர்பார்த்திருந்த நிலை அதனால் மாறத் தொடங்கியது.

இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த சிவப்பணுக்கள் குளிர்பெட்டியில் 42 நாள் வரை இருக்கும். இரத்தம் உறையக் காரணமான தட்டணுக்களோ குளிரைத் தாங்கமாட்டா. 20 முதல் 24 பாகை வெப்பத்தில், ஓயாமல் மெல்ல ஆட்டிக்கொண்டே, சாதாரணமாக ஐந்து நாள்தான் வைக்கலாம். அவை சுவாசிக்கின்றன. மதுப் பையைப் போல் பிராணவாயுவைத் தடுக்கும் பையில் அடைத்தால் மூச்சு முட்டி மடிந்துவிடும். ஆகையால் அவற்றின் பைக்கு, திரவத்தையும் கிருமியையும் தடுத்துப் பிராணவாயுவை மட்டும் தாராளமாக உள்ளே விடும் தாளைத் தேடிப் பிடித்தார்கள்.

சிவப்பணுப் பையில் நேர்ந்தது அதைவிட விசித்திரம். பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் தானாக விறைப்பானது; அதை மிருதுவாக்க டி.இ.எச்.பி. என்ற எண்ணெய்ப்பசையுள்ள ரசாயனத்தைக் கலக்கிறார்கள். அது சிறிது சிறிதாகக் கசிந்து இரத்தத்தில் கலக்கிறது என்பதும், சந்தான விருத்திக்குத் தீங்கு செய்யக்கூடியது என்பதும் பின்னால் தெரியவந்தது. அதை நீக்கிவிடலாமென்று பார்த்தால், அந்தக் கசிவுதான் சிவப்பணுக்களின் மேற்சவ்வில் படிந்து, அவை வெடித்துச் சிதையாமல் காத்துவந்திருக்கிறது என்பதும் கூடவே தெரியவந்தது. ஐரோப்பிய யூனியன் மருத்துவச் சாதனங்களில் இதன் உபயோகத்துக்கு விதித்த கெடுவை 2030ஆம் வருஷம் ஜூலை வரை ஒத்திவைத்திருக்கிறது. அதற்குள், பையை மிருதுவாகவும் அணுக்களை உயிரோடும் வைக்கும் வேறொரு ரசாயனத்தைச் சோதித்து முடிக்கப் பை செய்வோர் பிரயத்தனம் செய்துகொண்டிருக்கிறார்கள்.