அக்கரைச் சீமையில் நம்ம பணம்

டிப்ளமோ முடித்த கையோடு துபாய், ஷார்ஜா என்று விமானம் ஏறப் போகிறவர்கள் நம்மில் பலர் இருக்கிறோம். பாஸ்போர்ட், மெடிக்கல், ஏஜெண்ட் என்று எல்லாவற்றையும் பத்துப் பேரிடம் விசாரிப்போம். அங்கே போய் எந்தக் கணக்கிலிருந்து காசு எடுப்பது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

என் அண்ணன் ஷார்ஜாவுக்குக் கிளம்பியபோது, வீட்டில் படித்தவன் என்ற முறையில் நான்தான் போனில் அவருடைய ஏ.டி.எம். கார்டுக்கு வெளிநாட்டு உபயோகத்தைத் திறந்து விட்டேன். 2020-க்குப் பிறகு வந்த கார்டுகளில் அது மூடித்தான் இருக்கும். நாமாகக் கேட்டுத் திறக்க வேண்டும். பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு. அங்கே சம்பளக் கார்டு கைக்கு வர நாற்பது நாள் ஆகிவிட்டது. அதுவரை சாப்பாட்டுக்கு நூறு நூறு திர்ஹமாக ஐந்து தடவை எடுத்திருக்கிறார். அம்மா பாஸ்புக்கை நீட்டி, "ஏண்டா, எடுத்தது ஒண்ணு, கழிச்சது ஒண்ணா இருக்கே, என்னன்னு பாரு" என்றார்.

பார்த்தேன். கூட்டிக் கழித்தால் ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு மேல் கட்டணமாகவே போயிருந்தது. அம்மாவுக்கு அது நாலு நாள் நடவுக் கூலி.

எப்படி என்று பார்ப்போம். கணக்குக்காக ஒரு திர்ஹம் 23 ரூபாய் என்று வைத்துக் கொள்ளுங்கள். 100 திர்ஹம் 2,300 ரூபாய். வெளிநாட்டில் நம்ம ஊர்க் கார்டைப் போட்டால், நாணயம் மாற்றுவதற்குப் பல வங்கிகள் 3.5 சதவீதம் வரை எடுக்கின்றன. அது 80 ரூபாய். ஒவ்வொரு தடவைக்கும் தனியாக 125 ரூபாய். இரண்டுக்கும் சேர்த்து 18 சதவீத ஜி.எஸ்.டி. ஆக மொத்தம் 242 ரூபாய், நூற்றுக்குப் பத்துக்கு மேல்! இதையே ஒரே தடவையில் 1,000 திர்ஹமாக எடுத்திருந்தால் 1,097 ரூபாய், அதாவது நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. அந்த 125 ரூபாய் ஒரு தடவைதானே விழும்! மெஷின் வைத்திருக்கும் அந்த ஊர் வங்கி தன் பங்குக்கு ஏதாவது எடுத்தால் அது வேறு. மீதி எவ்வளவு என்று பார்ப்பதற்கே சில வங்கிகளில் காசு.

இன்னொரு பொறியும் உண்டு. மெஷின் திரையில் "ரூபாயில் கழிக்கவா, திர்ஹமில் கழிக்கவா" என்று கேட்கும். நமக்குத் தெரிந்த ரூபாயைத்தான் கை தொடும். தொடாதீர்கள்! அந்த மெஷின்காரன் வைக்கும் விலை பெரும்பாலும் மோசமாகத்தான் இருக்கும். திர்ஹம் என்றே அழுத்துங்கள்.

அப்படியானால் என்ன செய்வது? முதல் மாதச் செலவுக்கு, லைசென்ஸ் உள்ள நாணய மாற்றுக் கடையில் கொஞ்சம் திர்ஹம் நோட்டாகவே வாங்கிப் போய்விடலாம். ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்பு வரை நோட்டாக எடுத்துப் போக அனுமதி உண்டு. நமக்கு அவ்வளவெல்லாம் எங்கே! சம்பளம் வர ஆரம்பித்ததும் கைச்செலவுக்கு அந்தச் சம்பளக் கார்டு ஒன்றே போதும். அமீரகத்தில் 2009 முதல் சம்பளத்தை வங்கி வழியாகப் போடும் முறை இருக்கிறது. தனியாக அங்கே கணக்குத் திறக்கச் சொன்னால், குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு, குறைந்தால் மாதம் எவ்வளவு பிடிப்பார்கள் என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கார்டு கொடுத்த வங்கியின் மெஷினிலேயே எடுப்பது நல்லது.

மிச்சப் பணம் ஊருக்கு. வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டால் பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது, என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும் என்பது சட்டம். இங்கே வரும் வாடகை, குத்தகைப் பணத்துக்கு அது. அங்கே சம்பாதித்து அனுப்புவதற்கு என்.ஆர்.இ. கணக்கு, இதன் வட்டிக்கு இங்கே வருமான வரி இல்லை, என்.ஆர்.ஓ. வட்டிக்கு உண்டு. ஆனால் என்.ஆர்.இ.யும் ரூபாய்க் கணக்குதான். அந்தக் கார்டை ஷார்ஜாவில் போட்டாலும் நாணய மாற்றுக் கட்டணம் விழலாம், கேட்டுக் கொள்ளுங்கள். போகுமுன் வீட்டில் ஒருவருக்கு இந்தக் கணக்கிலிருந்து எடுக்க அதிகாரம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது நல்லது. வங்கியில் பதிந்த செல் நம்பரும் அங்கே வேலை செய்ய வேண்டும். அண்ணனுடைய நம்பர் அங்கே செத்துக் கிடந்ததால்தான் ஒவ்வொரு தடவை கழித்தபோதும் அவருக்குத் தகவலே போகவில்லை.

இப்போது அண்ணன் மாதம் ஒரு தடவைதான், அதுவும் சம்பளக் கார்டில்தான் எடுக்கிறார். ஊர்க் கார்டின் வெளிநாட்டு உபயோகத்தை, திறந்த நானே மூடிவிட்டேன்.