பக்கத்து வீட்டை இடிக்கிறார்கள்!

"அக்கா, உங்க பக்கத்து வீட்டை இடிச்சு ஃப்ளாட் கட்டப் போறாங்களாமே!" என்று பூக்காரம்மா சொன்னபோது, உண்மையைச் சொல்கிறேனே, எனக்குப் பொறாமைதான் வந்தது. மாசி வீதிக்குப் பின்னால் சந்துக்குள் நாங்கள் காரை உதிரும் வீட்டில் கிடக்க, அவர்களுக்குப் புத்தம் புது அடுக்குமாடியா! ஒரே வாரத்தில் பொறாமை போய்ப் பயம் வந்துவிட்டது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே சுவர்.

மதுரையின் பழைய வீடுகளைப் பார்த்த சகோதரிகளுக்கு இது தெரிந்திருக்கும். அகலம் கம்மி, நீளம் அதிகம். ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கும். மேல்தளம் மெட்ராஸ் டெரஸ். அதாவது தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அதன் மேல் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். அந்தக் கட்டைகளின் நுனி பொதுச் சுவருக்குள் சொருகியிருக்கும். அங்கிட்டு இழுத்தால் இங்கிட்டு ஆடும்!

இடிப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. அந்தக் காலத்திலேயே கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரையே இடித்து, அகழியைத் தூர்த்து ஊரை விரித்தார். அந்த வேலையில் இருந்தவர்கள் பெயரில்தான் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும். பிளாக்பர்ன் நினைவாக விளக்குத்தூண் நிற்கிறது. ஆனால் கோட்டைச் சுவரில் யார் வீட்டுத் தொட்டிலும் தொங்கவில்லையே!

மீனாட்சி கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக்கூடாது என்று 1997-இல் அரசு உத்தரவு போட்டது. உயரமாகப் போக முடியாததாலோ என்னவோ, கட்டுகிறவர்கள் அங்குலம் விடாமல் நம் சுவர் வரை வந்துவிடுகிறார்கள்.

கடப்பாரைச் சத்தம் ஆரம்பித்த அன்று என் மாமியார், "2021 டிசம்பர்ல கீழவெளி வீதிப் பக்கம் பழைய கட்டிடம் சரிஞ்சு, ராத்திரி ரோந்து வந்த போலீஸ்காரர் போயிட்டாரே, மறந்துட்டியா?" என்றார். மறக்கவில்லை. அன்றே தெரிந்த இன்ஜினீயர் ஒருவரை அழைத்து வந்தேன்.

அவர் செய்த முதல் வேலை எனக்கு வேடிக்கையாக இருந்தது. சுவரில் ஏற்கெனவே இருந்த விரிசலின் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து, இரண்டு முனையையும் சிமெண்டால் ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதினார். "சுவர் அசைஞ்சா இது முதல்ல உடையும்மா. தினமும் பாருங்க. விரிசலை எல்லாம் போட்டோவும் எடுத்து வச்சுக்குங்க" என்றார். ஆண்கள் வேலைக்குப் போன பிறகு வீட்டில் இருப்பது நாம்தானே!

ஆறாம் நாள் காலை கண்ணாடி உடைந்திருந்தது. மாவுக் கையோடு ஓடினேன். "கண்ணாடிதானேம்மா, மாத்திக்கலாம்" என்று சிரித்தார் மேஸ்திரி. நான் சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டு அண்ணனையே கூப்பிட்டு வந்து காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. மெஷினை நிறுத்தினார்கள். எங்கள் பக்கத்துக் கட்டைகளுக்கு அடியில் முட்டுக் கொடுத்து, மிச்சத்தை மேலிருந்து கீழாக, கையாலேயே பிரித்தார்கள். பத்து நாள் தாமதம். ஆகட்டுமே!

தூசிதான் பெரும்பாடு. பழைய சுண்ணாம்புத் தூள் கண்ணை எரிக்கும், மூச்சை அடைக்கும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். விரலை வாயில் வைக்கும் குழந்தைகளுக்கு அது ஆகாது. இடிக்கும்போது தண்ணீர் தெளிக்கச் சொல்லிக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். ஜன்னலுக்கு ஈரத்துணி கட்டினேன். விளக்குமாற்றைத் தொடவே இல்லை. பெருக்கினால் தூசி எழும்பும், ஈரத்துணியால் துடைத்தால் அடங்கும். குடத்துக்கு மூடி, சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவல். இத்தனைக்கும் மேல் என் சின்னவனுக்கு இளைப்பு வந்துவிட்டது. கஷாயத்தோடு நிறுத்தியிருக்கக் கூடாது, முதல் நாளே டாக்டரிடம் போயிருக்க வேண்டும். பிறகு அவனை அம்மா வீட்டுக்கு, மேலூருக்கு, அனுப்பிவிட்டேன்.

இடித்து முடித்ததும் எங்கள் சுவரின் மறுபக்கம் தோலுரித்த மாதிரி நின்றது. கட்டை இருந்த ஓட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. அதில் தண்ணீர் இறங்கினால் சுவர் ஊறிவிடும் என்று இன்ஜினீயர் சொன்னதால், ஓட்டைகளை அடைத்துப் பூசித் தரும்படி எழுதியே வாங்கிக்கொண்டோம். ஐப்பசி மழைக்கு நாலு நாள் முன்னால் பூசி முடித்தார்கள். சின்னவன் தீபாவளிக்குத்தான் வீடு திரும்பினான்.