கரை உடையும் முன்

ஏரிகளைக் காப்பதற்கு நம் முன்னோர் கண்ட முறைகளுள் குடிமராமத்து என்பது ஒன்று. கோடையில் ஏரி வற்றிக் கிடக்கும்போதே ஊரார் ஒன்றுகூடி வண்டலை அள்ளுவர், கரையில் விழுந்த பள்ளங்களை மண்ணிட்டு நிரப்புவர், மதகைச் செப்பனிடுவர். வெள்ளம் புகுந்து கரை உடைந்த பின்னர் மண்வெட்டியைத் தேடி ஓடுவதில் பயனில்லை என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். உடலைக் காப்பதில் இந்த அறிவு நமக்கு ஓரளவு வாய்த்திருக்கிறது. குழந்தைக்கு நோய் வருமுன்னரே தடுப்பூசி போடுகிறோம். குடிநீரைக் காய்ச்சிப் பருகுகிறோம். ஆனால், உள்ளத்தைக் காப்பதில் மட்டும் நாம் இன்னும் கரை உடையும் வரையில் காத்திருப்பவர்களாகவே இருக்கிறோம்.

இதற்குக் காரணம் அச்சமும் நாணமுமே. சென்னைக் கீழ்ப்பாக்கத்திலுள்ள அரசு மனநல மருத்துவமனை தொன்மை வாய்ந்தது. அதன் வரலாறு 1794-ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறது. எத்தனையோ குடும்பங்களுக்கு அது வாழ்வளித்துள்ளது. எனினும், அந்த இடத்தின் பெயரையே ஏளனச் சொல்லாக்கி ஒருவரை ஒருவர் நகையாடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. இந்த நகைப்புக்கு நாம் கொடுக்கும் விலை சிறிதன்று. உறக்கம் கெட்டு, உணவில் விருப்பம் குன்றி, உள்ளுக்குள் புழுங்கும் ஒருவர், ‘எனக்கு என்ன பைத்தியமா?’ என்று தம்மையே கேட்டுக்கொண்டு வாய் மூடி இருந்துவிடுகிறார். கசிவாக இருந்தது உடைப்பாகிவிடுகிறது.

உளச்சிகிச்சை என்பது யாது? அது மாத்திரையும் ஊசியும் அன்று; பயிற்சி பெற்ற ஒருவருடன் முறையாக அமர்ந்து பேசுவது. ஆறுதல் கூறுவதும் அறிவுரை வழங்குவதும் மட்டும் அதன் பணி அல்ல. அமெரிக்க மருத்துவர் ஆரன் பெக் 1960-களில் வகுத்த முறையை எடுத்துக்கொள்வோம். எண்ணம், உணர்ச்சி, செயல் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று பற்றி இழுப்பவை. எண்ணத்தை ஆராய்ந்தால் மற்ற இரண்டும் தெளிவடையும் என்பது அதன் அடிப்படை.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். அலுவலகத்தில் எழுத்தர் ஒருவரின் வணக்கத்தைக் கவனியாமல் மேலதிகாரி சென்றுவிடுகிறார். ‘அவருக்கு என்மேல் சினம், என் வேலை போய்விடும்’ என்று எழுத்தர் எண்ணுகிறார். நெஞ்சு படபடக்கிறது. இரவில் உறக்கம் இல்லை. மறுநாள் வேலையில் பிழை நேர்கிறது. அதனைக் கண்டு அதிகாரி கடிந்துகொள்ளவே, ‘நான் நினைத்தது சரிதான்’ என்று எழுத்தர் முடிவு கட்டுகிறார். இவ்வாறு பொய்யான எண்ணம் ஒன்று தனக்குத் தானே சான்று தேடிக்கொள்கிறது.

ஆலோசகர் இவரிடம், ‘கவலைப்படாதீர்கள்’ என்று சொல்லி அனுப்பிவிடுவதில்லை. ‘இந்த எண்ணத்திற்குச் சான்று யாது? அதிகாரி கவனியாமற் போனதற்கு வேறு காரணம் இருக்கலாகாதா? உங்கள் நண்பருக்கு இந்த நிலை வந்தால் அவரிடம் என்ன சொல்வீர்கள்?’ என்று வினவுகிறார். விடைகளைத் தாளில் எழுதச் செய்கிறார். சோர்வினால் விட்டுவிட்ட நடை, நட்பு, பாட்டு, தோட்டவேலை ஆகியவற்றைச் சிறிது சிறிதாக மீண்டும் தொடங்கச் செய்கிறார். பெரிய சிக்கலைச் சிறு கூறுகளாகப் பிரித்து, இன்று செய்யத்தக்கது எதுவென்று காணப் பழக்குகிறார். சில வாரங்களில் அவ்வினாக்களை அந்த எழுத்தர் தாமே தம்மிடம் கேட்டுக்கொள்ளக் கற்றுவிடுகிறார். நீச்சலை வெள்ளம் வருமுன் கற்பதே முறையன்றோ?

இது நோயை உண்மையில் தடுக்குமா என்று நீங்கள் கேட்கலாம். பாகிஸ்தானிலுள்ள இராவல்பிண்டியில் நடைபெற்று, 2024-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு இதற்கு விடை கூறுகிறது. கருவுற்றிருந்த 1,200 பெண்கள் அதில் பங்கு பெற்றனர். அவர்கள் மனச்சோர்வு நோய்க்கு ஆட்பட்டவர்கள் அல்லர். ஆயினும் உள்ளத்தில் கவலை குடிகொண்டவர்கள். ஒரு பகுதியினருக்கு, மேலே கூறிய முறையைத் தழுவி, ஆறு அமர்வுகள் அடிப்படையான பயிற்சி அளிக்கப்பட்டது. அளித்தவர்கள் பெரிய மருத்துவர்கள் அல்லர். உளவியல் பயின்று, முன்பு நோயாளிகளைக் கண்ட பழக்கம் இல்லாதவர்கள். குழந்தை பிறந்து ஆறு வாரங்கள் சென்றபின் சோதித்தபோது, பயிற்சி பெறாதவர்களில் நூற்றுக்கு 41 பேரிடம் மனச்சோர்வு காணப்பட்டது. பயிற்சி பெற்றவர்களில் நூற்றுக்கு 12 பேரிடமே காணப்பட்டது. அமெரிக்க நாட்டின் நோய்த் தடுப்புப் பணிக்குழுவும், மனச்சோர்வு வரும் வாய்ப்பு மிகுந்த கருவுற்ற பெண்களையும் இளந்தாய்மாரையும் ஆலோசனைக்கு அனுப்பவேண்டும் என்று 2019-இல் பரிந்துரைத்தது. நம் வீடுகளிலும் சூல்கொண்ட பெண்ணுக்கு வளையல் அடுக்குகிறோம். வாய்க்கு விருப்பமானவற்றைச் சமைத்துத் தருகிறோம். ‘உன் மனத்தில் ஏதேனும் அச்சம் இருக்கிறதா, அம்மா?’ என்று கேட்பவர் எத்தனை பேர்?

ஆனால், இம்முறையை எல்லோருக்கும் எப்பொழுதும் ஒரே அளவாகப் புகட்டலாம் என்று கருதுவது தவறு. பிரிட்டனில் 8,000-க்கு மேற்பட்ட மாணவரிடையே உளக்கவனப் பயிற்சி வகுப்பறையில் சோதிக்கப்பட்டது. வழக்கமான பாடமுறையைவிட அதனால் மிகுதியான பயன் விளையவில்லை என்று 2022-இல் வெளிவந்த முடிவுகள் காட்டின. பசியில்லாதவனுக்கு இட்ட சோறு போலத் தேவையற்றவர்க்கு அளித்த பயிற்சி நிற்பதில்லை. தேவை தோன்றும் காலத்தில், அது முற்றுவதற்குள் உதவுவதே வருமுன் காத்தலின் நுட்பம்.

அக்காலம் எது? வாழ்க்கை திசை திரும்பும் இடங்களை நோக்குங்கள். மகப்பேறு, நெருங்கியவரின் மறைவு, வேலை இழப்பு, பணி ஓய்வு, தேர்வில் தோல்வி, நெடுநாள் நோயாளியைப் பேணும் பொறுப்பு ஆகியவை அத்தகைய இடங்கள். இவற்றைக் கடக்கும்போது உறக்கமின்மையோ எரிச்சலோ எதிலும் பற்றின்மையோ இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்குமாயின், அதுவே கரையில் தோன்றும் கசிவு. அப்பொழுதே ஆலோசகரை நாடுதல் அறிவுடைமை. இறந்துவிடலாம் என்ற எண்ணம் எழுமாயின் ஒருநாளும் தாமதித்தல் ஆகாது. அன்றே உதவி பெறவேண்டும். அத்தகையவரைத் தனித்திருக்கவும் விடலாகாது.

எங்கே செல்வது என்று மயங்கவேண்டுவதில்லை. இந்திய அரசு 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ என்னும் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளையும் அணுகலாம்.

குடிமராமத்து தனியொருவன் செய்த வேலையன்று. ஊரே கூடிச் செய்தது. உள்ளத்தைக் காக்கும் பணியும் அத்தகையதே. ‘ஆலோசகரிடம் சென்று வந்தேன்’ என்று வீட்டிலுள்ள ஒருவர் சொல்லும்போது, பல் மருத்துவரிடம் சென்று வந்ததாகக் கேட்பது போல இயல்பாகக் கேட்டுக்கொள்வோம். ஏளனம் செய்யாத அந்த ஒரு நற்பண்பை நாம் மேற்கொண்டாலே, மழைக்கு முன் கரையில் ஒரு கூடை மண் இட்டவர்கள் ஆவோம்.