கணக்கு வருகிறது, வாசிப்பு வரவில்லை

1896-ஆம் ஆண்டு. பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர், 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். 749-ஐ 867-ஆல் விரைவாகவும் சரியாகவும் பெருக்கிக் காட்டினான் அவன். ஆனால் சின்னஞ்சிறு சொற்களில்கூடத் தடுமாறினான். தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதினான். பிழை அவனுக்குத் தெரியவும் இல்லை. பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்பது அவன் ஆசிரியரின் கருத்து.

இன்று இதை டிஸ்லெக்சியா என்கிறோம். பார்வைக் கோளாறு அல்ல. அறிவுக் குறைவும் அல்ல. பேச்சு நமக்குக் குழந்தைப் பருவத்திலேயே தானாக வந்துவிடுகிறது. வாசிப்பு அப்படியல்ல. சொல்லைத் தனித்தனி ஒலிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் எழுத்தோடு இணைக்க மூளை பழக வேண்டும். இடப்பக்க மூளையில் இந்த வேலையைச் செய்யும் பகுதிகள் டிஸ்லெக்சியா உள்ளவர்களிடம் வேறு விதமாகச் செயல்படுவதை ஸ்கேன்கள் காட்டுகின்றன. இது பரம்பரையாகவும் வரக்கூடியது.

தமிழில் இந்தச் சிக்கலுக்குத் தனி முகம் உண்டு. 'கல்', 'அகம்', 'தங்கம்' மூன்றிலும் 'க' ஒன்றுதான், ஒலி வேறு. 'கெ' என்று எழுதும்போது உயிரொலியின் குறி முன்னே நிற்கிறது. 'கொ' என்றால் இருபுறமும். மற்றப் பிள்ளைகள் போகிற போக்கில் பிடித்துக்கொள்வதை இவர்களுக்கு ஒலி ஒலியாக, நிதானமாக, திரும்பத் திரும்பச் சொல்லித்தர வேண்டும். வாயால் சொல்லி, மணலில் விரலால் எழுதி, காதால் கேட்டுப் படிப்பது உதவக்கூடும். நூறு தடவை இம்போசிஷன் எழுதவைப்பது கையைத்தான் வலிக்கச் செய்யும். எல்லார் முன்னிலையிலும் எழுப்பி நிறுத்திச் சத்தமாக வாசிக்கச் சொல்வது அதைவிடக் கொடுமை.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. உரிய சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுத ஆளும் கேட்கலாம். இது சலுகை அல்ல, உரிமை. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் பல ஆண்டுகளாக ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறது.

ஆசிரியர்களே, பேச்சில் சுட்டியாகவும் எழுத்தில் பின்தங்கியும் உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தால், 'மக்கு' என்று முடிவுகட்டுமுன் பெற்றோரை அழைத்துப் பேசுங்கள். பரிசோதனைக்கு அனுப்புங்கள். பத்தாம் வகுப்பு வரை காத்திருக்க வேண்டாம். இரண்டாம் வகுப்பிலேயே தொடங்குங்கள்.